பந்தூக் பாபாவும் பச்சை ரத்தமும்

வெள்ளிக்கிழமை ஆனால் சாத்தாமிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்கு வரும் முதல் ஃபெர்ரியில் மனிதர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. மிக்சிகள் வரும். கிரைண்டர்கள் வரும். தையல் மெஷின் வரும். இரண்டு பேர் தோளில் பிணம் போலப் படுத்துக்கொண்டு ஒரு படகு எஞ்சின் வரும். இவற்றுக்கு அடியில் உற்றுப் பார்த்தால் பக்தர்கள் தென்படுவார்கள். எல்லோரும் பந்தூக் பாபாவிடம் தோஷம் கழிக்க வருகிறவர்கள்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் குருநாதன். தீவின் இந்தியில் பந்தூக் என்றால் துப்பாக்கி. முதன்முதலில் துப்பாக்கிக்குத் தோஷம் கழித்ததால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. சனி மனிதனைப் பிடிக்கும் என்பது நமக்கு ஏற்கெனவே சொல்லித் தரப்பட்டிருக்கிறது. இரும்பையும் பிடிக்கும், அதிலும் கடற்காற்று படும் இரும்பை விடாமல் பிடிக்கும் என்று கண்டுபிடித்தவர் இவர். கடற்காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே என்று யாராவது கேட்டால், அப்படிக் கேட்க வைப்பதும் சனிதான் என்று பதில் வரும். பிறகு யார் கேட்பார்கள்?

சிகிச்சை இப்படி நடக்கும். பழுதான பொருள் ஒரு சிவப்புத் திரைக்குப் பின்னால் போகும். பாபா பின்னாலேயே போவார். சீடன் பிரேம் உள்ளே உட்கார்ந்து மணியடிப்பான். முக்கால் மணி நேரம் மணியும் மந்திரமும் விடாமல் கேட்கும். பிறகு பொருள் வெளியே வரும், ஓடும். "இரும்பைத் தொடாம இரும்போட பேசுறவன் நான். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்ல" என்பார் பாபா. திரையை விலக்கிப் பார்த்தால் கண் போய்விடும் என்பது விதி. மொபைல் போனை மட்டும் அவர் ஏற்பதில்லை. அதற்குள் இருப்பது சாதாரணத் தோஷமில்லையாம், கலியாம். அதன் ஸ்க்ரூ ரொம்பப் பொடியாக இருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இத்தனை புகழும் தொடங்கிய இடம் முத்துகிருஷ்ணனின் பெயின்ட்பால் கிரவுண்டு. முத்துகிருஷ்ணன் இராமநாதபுரத்திலிருந்து வந்து சிமெண்ட் கான்ட்ராக்ட் எடுத்தவர். தென்னந்தோப்பு ஓரம் இருந்த தன் நிலத்தில் பழைய டயர்களையும் டிரம்களையும் அடுக்கி, டூரிஸ்டுகள் ஒருவரை ஒருவர் கலர் குண்டால் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு ஒன்றை நடத்துகிறார். குண்டு என்றால் ரப்பர் போன்ற தோலுக்குள் சாயம் அடைத்த உருண்டை. பட்டால் உடைந்து ஆளைக் கறையாக்கும். சுடும் கருவியைத் துப்பாக்கி என்று சொன்னால் போலீஸ் வந்து நிற்கும் என்ற பயத்தில், "மார்க்கர்னு சொல்லுங்க, மார்க்கர்னு சொல்லுங்க" என்று எல்லோரிடமும் கெஞ்சுவார். எல்லோரும் பந்தூக் என்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பன்னிரண்டு மார்க்கர்களையும் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, துடைத்து அடுக்கி வைப்பவள் பவானி. முப்பத்து நான்கு வயது. புருஷன் மெயின்லேண்டில் வேலை பார்க்கப் போகிறேன் என்று கப்பலேறி நான்கு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் போன் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அவனுடைய அம்மா சொர்ணம்மாளும் பவானியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பகலில் கிரவுண்டு வேலை, சாயங்காலம் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைப்பது, இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. முத்துகிருஷ்ணன் பக்தியில் கஞ்சத்தனம் பார்க்காதவர். பன்னிரண்டு மார்க்கர்களையும் வாழையிலையில் அடுக்கி, குழாய்க்கு விபூதிப் பட்டை போட்டார், சந்தனம் அப்பினார், குங்குமத்தைக் குண்டு விழும் துளை வரைக்கும் தூவினார். மார்க்கருக்கான எண்ணெய் டப்பா வர வேண்டிய கப்பல் சென்னையிலேயே நின்றுவிட்டதால், தோப்பில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தாராளமாக உள்ளே விட்டார். பத்தே நாளில் பன்னிரண்டும் மக்கர் செய்தன. விசையை இழுத்தால் குண்டு வெளியே போகாமல் உள்ளேயே உடைந்து சாயம் வழிந்தது. தேன்நிலவுக்கு வந்த ஒரு மாப்பிள்ளை தன் கையிலேயே நீலம் வழியப் பெண்டாட்டி முன்னால் நின்றது பரிதாபமாக இருந்தது.

அப்போதுதான் யாரோ குருநாதனைக் கூட்டி வந்தார்கள். திரை, மணி, மந்திரம். எல்லா மார்க்கரும் ஓடின. முத்துகிருஷ்ணன் காலில் விழுந்தார். குருநாதன் கடைசியாக ஒரு பிடி விபூதியை எடுத்து ஒவ்வொரு குழாய்க்குள்ளும் 'உஃப்' என்று ஊதினார். அது பாதுகாப்புக் கவசமாம். பத்து நாளில் கவசம் காலாவதியானது, மார்க்கர்கள் மறுபடி மக்கர் செய்தன, பாபா மறுபடி வந்தார். இப்படியே மூன்று மாதம் ஓடியது. ஒன்பதாவது தடவைக்குப் பிறகு முத்துகிருஷ்ணன் மெல்ல முனகத் தொடங்கினார். சாமியார்களின் காதுக்கு முனகல் மட்டும் வெகு துல்லியமாகக் கேட்கும்.

அந்த வெள்ளிக்கிழமை கிரவுண்டில் கூட்டம் நிறைந்திருந்தபோது பாபா கண்ணை மூடினார்.

"முத்துகிருஷ்ணா. இந்த இரும்பத் தினம் தொடுறது யாரு?"

"நம்ம பவானிதாங்க சாமி."

"புருஷன்?"

"மெயின்லேண்டு போனவன். நாலு வருஷமா ஆளைக் காணோம்."

பாபா கண்ணைத் திறந்து பவானியின் கைகளைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

"புருஷனே தங்காத கை. அதுல குண்டு எப்படித் தங்கும்?"

கூட்டம் "ஆங்" என்றது. அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வரிசையில் மூன்றாவதாக நின்றவள், போன வாரம்தான் பவானியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவள், தன் மிக்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளி பெரிய பூஜை. அன்னிக்குக் கடைசியா கழிச்சு விடுறேன். அதுக்கப்புறம் இந்தக் கை இங்க இருக்கக் கூடாது. இருந்தா எவன் கண்ணாவது போகும். பஸ், அவ்வளவுதான், சொல்லிட்டேன்."

பவானி முதலாளியைப் பார்த்தாள். அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா பண்றது, சாமியே சொல்லிட்டாரு. அடுத்த வாரம் வரைக்கும் வா" என்றார், மரத்திடம்.

வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். கைராசி இல்லாதவள் என்ற பெயர் போகாது. பாம்பூஃப்ளாட் சின்ன ஊர். ஒருத்தி கைராசி இல்லாதவள் என்று பேர் வாங்கினால் அவளிடம் யாரும் ஒரு பட்டன்கூடத் தைக்கக் கொடுக்க மாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் சுற்ற, வளைகாப்புக்கு வளையல் போட எங்கேயும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. தோப்பு முனை வரை அழுதுகொண்டே நடந்தாள். முனையில் திரும்பும்போது அழுகை நின்று கோபம் வந்திருந்தது. திரும்பிப் போய், மக்கர் செய்த மார்க்கர் ஒன்றை அரிசிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

சொர்ணம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"பாபா அப்பிடியா சொன்னாரு?"

"ஆமா அத்தை."

"ஓடிப் போனது எம் புள்ள. அவன் புத்தி எனக்குத் தெரியும். இதுல உங் கை எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் சொர்ணம்மாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பாபா சக்தியுள்ளவர்தான். நம்ம கிரைண்டர் கராப் ஆனப்போ ஓட வெச்சாரே" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பவானி மார்க்கரைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள். தையல் மெஷினின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். தையல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷின் சிக்கினால் யார் கண் பட்டது என்று யோசிக்க மாட்டாள், திறந்து பார்ப்பாள். காற்று சிலிண்டர் கழற்றியிருக்கிறதா என்று பார்த்து, குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி விசையை ஒருமுறை இழுத்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு பின்மூடியைத் திருகினாள். ஒரு சுருள் கம்பி வந்தது. அதன் பின்னால் கட்டைவிரல் தடிமனில் ஓர் உருளை. குண்டைத் தள்ளும் போல்ட்டை இடித்து ஓட்டுவது அதுதான். ஹேமர் என்று பெயர்.

உருளை முழுக்கப் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பவானி விரலில் எடுத்துப் பார்த்தாள். தேங்காய் எண்ணெயில் சந்தனமும் குங்குமமும் விபூதியும் குழைந்து, உடைந்த குண்டின் சாயமும் மணலும் சேர்ந்து, நன்றாக இறுகியிருந்தது. பழநிக்குப் போனால் இப்படி ஒன்றைத்தான் கையில் கொடுப்பார்கள், ஆனால் அது தித்திக்கும். இதை வழித்து எடுத்தபோது அடியில் இரும்பு சொரசொரவென்று இருந்தது. விபூதி மணல் போல அரைத்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. உருளையின் ஓரத்துப் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பவானி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். மாமியாரிடம் நீட்டினாள்.

"அத்தை, இது என்ன வாசம்?"

சொர்ணம்மாள் மூக்கைச் சுருக்கினாள். "குத்துவிளக்கு தேய்க்கிற பாலிஷு. இது எப்பிடிடி பந்தூக்குக்குள்ள போச்சு?"

"மந்திரத்துல போயிருக்கும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொர்ணம்மாள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

பவானி மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவினாள். பெயின்டர்கள் காருக்குத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் என்கிற ரெண்டாயிரம் நம்பர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஹேமரை நீளவாக்கில் தேய்த்தாள். குறுக்கே தேய்த்தால் கோடு விழும் என்று தையல் மெஷினில் அடிநூல் இருக்கும் பாபின் கேஸ் அவளுக்கு எப்போதோ கற்றுக்கொடுத்திருந்தது. விசை வந்து பிடிக்கும் விளிம்பை மட்டும் தொடவில்லை. பிடிக்க வேண்டிய இடத்தை வழுக்கலாக்கினால் பிடி நழுவி, மார்க்கர் தன் இஷ்டத்துக்குச் சுடத் தொடங்கிவிடும். பிறகு சொர்ணம்மாளின் விளக்குப் பாலிஷைப் பழைய பனியன் துணியில் தொட்டு, கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்தாள். குழாயின் உட்புறத்துக்கு விளக்குமாற்றுக் குச்சியில் துணி சுற்றிக்கொண்டாள். கழுவி, துடைத்து, மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மாட்டினாள். சாய்த்தால் ஹேமர் தானாக வழுக்கி ஓடியது.

"அவ்வளவுதானா?" என்றாள் சொர்ணம்மாள்.

"அவ்வளவுதான்."

"மணியடிக்கல?"

"மறந்துட்டேன் அத்தை."

மறுநாள் டூரிஸ்டுகள் அந்த மார்க்கரில் இருநூறு குண்டு போட்டுச் சுட்டார்கள். ஒன்றுகூட உள்ளே உடையவில்லை. பவானி முதலாளியைக் கூட்டிவந்து காட்டினாள். வீட்டில் திறந்தது, கண்டது, தேய்த்தது எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். முத்துகிருஷ்ணன் பயபக்தியோடு கேட்டார். கடைசியில் மார்க்கரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தியா பவானி, பாபா போட்ட கவசம். நீ திறந்து நோண்டியும் அது போகல."

இப்படிப்பட்ட ஆளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? உண்மையை நேராகக் கொண்டுபோய்க் கையில் வைத்தாலும் அதையும் சாமியாரின் கணக்கில் சேர்த்துவிட்டுக் கும்பிடுவார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சொர்ணம்மாள் கிரைண்டரின் அடிப்பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெல்ட் சக்கரத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி விபூதி.

"எங் கிரைண்டர்லயும் ஊதியிருக்கான்டி," என்றாள். அவளுக்கு 'அவர்' ஆக இருந்த பாபா 'அவன்' ஆனது அந்த நிமிஷத்தில்தான். "போன மாசமே கரகரன்னுச்சு. மறுபடி கொண்டு போவோம்னு இருந்தேன். இவன் நோயைக் குணமாக்கிட்டு அடுத்த நோய்க்கு விதை போட்டு அனுப்புறான். என்ன பண்ணலாம் சொல்லு."

பவானி சொன்னாள். சொர்ணம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்படிப் பூனை எழுந்து ஓடியது.

பெரிய பூஜை வெள்ளிக்கிழமை. கிரவுண்டு நிரம்பி வழிந்தது. பாபாவின் முகம் போட்ட பேனர் ஒன்று ஆளுயரத்தில் டிரம்கள் மேல் தொங்கியது. பாராடாங்கிலிருந்துகூட ஒரு குடும்பம் விடியுமுன்னே புறப்பட்டு, தண்ணீர் மோட்டார் ஒன்றைக் குழந்தை போல மடியில் வைத்து ஜீப்பில் வந்திருந்தது. பன்னிரண்டு மார்க்கர்களும் தட்டில் அடுக்கியிருந்தன. அடுக்கியவள் பவானிதான். அது அவளுடைய கடைசி நாள் வேலை என்று எல்லோரும் பரிதாபத்தோடும் ஆவலோடும் பார்த்தார்கள்.

பாபா வந்தார். காவி வேட்டி, பஞ்சு போல் வெள்ளைத் தாடி, நெற்றி முழுக்க விபூதி. பவானி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

"சாமி, போறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். கேட்கலாமா?"

"கேளு மகளே."

"நீங்க உள்ள போய் இதையெல்லாம் திறப்பீங்களா சாமி?"

பாபா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் பவானியைப் பார்த்துச் சிரித்தது.

"அரே, பைத்தியமா நீ. திறந்து பாக்குறவன் மெக்கானிக்கு. நான் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டேன்னா இந்த வேட்டி கறைபட்டுப் போகட்டும். டீக், சரிதானே?"

"டீக் சாமி. எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க."

மார்க்கர்கள் திரைக்குப் பின்னால் போயின. பாபா போனார். பிரேம் போனான். மணி கிணுகிணுவென்று தொடங்கியது. மந்திரம் கணீரென்று கேட்டது. பெண்கள் கை கூப்பினார்கள். முத்துகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

திரைக்குப் பின்னால் 'ட்டொய்ங்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, எந்த வேதத்திலும் இல்லாத ஒரு கெட்ட வார்த்தை. மணி நின்றது. மந்திரம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது, பாபா இருமிக்கொண்டிருக்கும்போதும்.

திரை விலகியது. பாபா வெளியே வந்தார். தாடி பச்சை. மூக்கு பச்சை. மார்பிலிருந்து காவி வேட்டியின் முழங்கால் வரை கிளிப்பச்சை வழிந்தது.

பாபா ஒரு நொடி தடுமாறினார். பழகிய தொழில், உடனே சமாளித்துக்கொண்டார். இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"பாத்துக்குங்க. துர்தேவதை. இந்தப் பொம்பள கையிலேருந்து இரும்புக்குள்ள போன துர்தேவதை. என் மந்திரம் தாங்காம ரத்தம் கக்கிருச்சு. பேயோட ரத்தம் பச்சை."

இப்போது கூட்டம் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? விழுந்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. ஒருத்தி பாபாவின் வேட்டியிலிருந்து கொஞ்சம் பச்சையை வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். பின்னால் ஒருவர், தேமலுக்கு நல்லது என்றார். "பாபா கா சமத்கார்", பாபாவின் அற்புதம், என்று கத்திக்கொண்டே இன்னொருவர் வீடியோ எடுத்தார். தினமும் அதே பச்சையை டூரிஸ்டுகளின் சட்டையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கிரவுண்டுக்காரர் முத்துகிருஷ்ணனே விழுந்து கிடந்தார்.

விழாமல் நின்றவர்கள் இரண்டு பேர், பவானியும் சொர்ணம்மாளும். பவானி தன் பையிலிருந்து பளபளவென்று ஓர் உருளையை எடுத்தாள்.

"மொதலாளி, எந்திரிங்க. இது என்னன்னு சொல்லுங்க."

முத்துகிருஷ்ணன் தலையைத் தூக்கினார். "ஹேமரு. மார்க்கருக்குள்ள இருக்கிறது."

"தட்டுல மேல இருந்த மார்க்கரோடது. நேத்து நான் கழட்டி எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா சுருள் கம்பியை அமுக்கி, அதுக்கு மேல நாலு குண்டு வெச்சு மூடினேன். மழைக்காலத்துல ஊறித் தோல் இளகிப்போச்சுன்னு நீங்க தூக்கிப்போடச் சொன்னீங்களே, அந்தப் பச்சைக் குண்டு. பின்மூடியைத் திருகித் திறந்தா மட்டும்தான் அது மூஞ்சில தெறிக்கும். ஸ்க்ரூவைத் தொடாதவரு மூஞ்சில எப்படித் தெறிச்சுச்சு?"

கூட்டத்தில் சிலர் முழங்காலில் எழுந்தார்கள். பாபா விடவில்லை.

"பேய் உள்ளேருந்து தானா திறந்துக்கிச்சு."

"சரி சாமி. பேய் போயிருச்சு. மிச்சம் பதினொண்ணு இருக்கு. ஒண்ணே ஒண்ணை இங்க, வெளிச்சத்துல, திரை இல்லாம குணமாக்கிக் காட்டுங்க. நாங்க தூர நின்னு பாக்குறோம். மந்திரத்துக்குத் திரை எதுக்கு?"

"திரை இல்லாம பாத்தா கண்ணு போயிரும்."

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு கண்ணுலயும் புரை," என்றாள் சொர்ணம்மாள். "போறதுக்கு அதுல பெருசா ஒண்ணும் மிச்சமில்ல." சொல்லிக்கொண்டே நடந்து போய்த் திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். கயிறோடு வந்தது.

உள்ளே ஒரு மேசை. மேசையில் ஸ்க்ரூ டிரைவர் செட், வாட்டர் பேப்பர் கட்டு, விளக்குப் பாலிஷ் டப்பா ஆறு, கிழித்த பனியன் துணி ஒரு மூட்டை. பாதி திறந்து கிடந்தது ஒரு மிக்சி. ஓரத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று மந்திரத்தைத் தனியே பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தது. பிரேம் மணியைக் கையில் பிடித்தபடி, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றான். யாருக்கும் கண் போகவில்லை. கொஞ்சம் வந்திருந்தது.

"எம் மிக்சிடா அது," என்றாள் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவள், மெதுவாக.

பவானி மேசையை வெளியே இழுத்துப் போட்டாள். ஒரு மார்க்கரை எடுத்து, எல்லோர் கண் முன்னாலும் திறந்து, உள்ளே இருந்த பழுப்பு அப்பத்தை வழித்து இலையில் வைத்தாள். "ஆயுத பூஜைக்கு நாம போட்டது பாதி. இவர் ஊதுனது பாதி," என்றாள். அவருடைய பாலிஷையே எடுத்துத் தேய்த்தாள். பேச்சில்லாமல் இருபத்தைந்து நிமிஷம் தேய்த்தாள். எதற்கெடுத்தாலும் அவசரப்படும் கூட்டம் ஒரு பெண் இரும்பு தேய்ப்பதை வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. மாட்டினாள். சிலிண்டரைப் பொருத்தினாள். பாபாவின் பேனரைக் குறிவைத்து முப்பது குண்டு சுட்டாள். முப்பதும் பேனரில் போய் உடைந்தன. பாபாவின் படத்தில் பல் மட்டும்தான் வெள்ளையாக மிச்சமிருந்தது.

பாபா அதற்குள் துணியை மூட்டை கட்டியிருந்தார். ஹேவ்லாக் தீவில் ஒரு ஜெனரேட்டருக்கு அவசரத் தோஷம் என்று சொல்லிக்கொண்டே ஃபெர்ரிப் பக்கம் நடந்தார். பாதி பேர் பிடி பிடி என்று பின்னால் ஓடினார்கள். ஓடியவர்களில் இரண்டு பேர் பிடித்ததும் கேட்டது, ஹேவ்லாக்கில் எந்தக் கிழமை இருப்பீர்கள் என்று. பொய் சொல்லக்கூடாது, இதுவும் நடந்தது.

முத்துகிருஷ்ணன் பவானியிடம் வந்தார். இந்தத் தடவை தென்னை மரத்தைப் பார்க்கவில்லை.

"தப்பும்மா. நான் அப்பிடி நின்னிருக்கக் கூடாது. நீ போகக் கூடாது."

"இருக்கேன் மொதலாளி. போன வெள்ளிக்கிழமை இவங்க எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இதையும் இவங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

அவர் திரும்பி உரக்கச் சொன்னார். பவானியின் கையில் ஒரு குறையும் இல்லை, தப்பு தன் புத்தியில் என்று சொன்னார். பவானிக்கு அந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. கதை இங்கே முடிந்திருந்தால் நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

ஆனால் கூட்டம் கலையவில்லை. ஒரு குசுகுசுப்பு ஓடியது. வரிசை ஒன்று தானாக உருவாகத் தொடங்கியது. ஜாக்கெட்காரி பாதி திறந்த மிக்சியை அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னால் கிரைண்டர், தண்ணீர் மோட்டார், படகு எஞ்சின். அவள் கண்ணில் அதே பழைய பக்தி, கொஞ்சமும் சேதமில்லாமல், மின்னியது.

"பவானி, உன்னோடதுதாண்டி ராசியான கை. ஒரு தடவ தொட்டுக் குடு, போதும்." சொல்லிவிட்டுக் குனிந்து காலைத் தொடப் பார்த்தாள்.

பவானி இரண்டடி பின்வாங்கினாள். மேசையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவள் கையில் வைத்து விரலை மூடினாள்.

"மிக்சியில நாலு ஸ்க்ரூதான் அக்கா. கழட்டத் தெரியலன்னா பக்கத்துல உக்காந்து காட்டித் தர்றேன். ஆனா மண்டையை அவங்கவங்கதான் திறந்துக்கணும்."